முறுக்குப் பெட்டியாகாத மீன்தொட்டி

அரசு அலுவலகத்துக்கு வரும் கடிதத்துக்கு உரிய காலத்துக்குள் பதில் எழுத வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும் என்பது விதி. பணியில் இருந்த காலமெல்லாம் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். அதனால், ஒரு நீர்ச்செடியின் பெயரைக் கேட்டு அரசின் தாவரவியல் பிரிவு ஒன்றுக்கு எழுதியபோது பதில் வரும் என்று நம்பிக் காத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் இன்னும் மாவட்டத் தலைநகர் ஆகவில்லை. பெரிய கோப்பெல்லாம் வேலூருக்குத்தான் போகும். மெட்ராசுக்கு அலுவல் நிமித்தம் போனவன் திரும்பும்போது ஒரு கண்ணாடி மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்த செடிகள்தான் வாரா வாரம் ஒவ்வொன்றாக அழுகின. செடியில்லாத தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெட்டது. கழுவும் வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுந்தது.

கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தான். தொட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பொரியை அள்ளி உள்ளே போட்டான். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டே பழகிய கை. மறுநாள் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி ஆகி நாறியது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"புண்ணியம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சி மாமா" என்றான் மைத்துனன். "பேசாம இத எனக்குக் குடுத்துடுங்க. கடையில முறுக்கு போட்டு வெச்சிக்கிறேன். ஈ மொய்க்காது."

மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். "காணும் பொங்கலுக்குள்ள செடி நிக்கணும், தண்ணி நாறாம இருக்கணும். இல்லன்னா அவன் எடுத்துக்கினு போவட்டும். என்னால மாசத்துக்கு நாலு வாட்டி கழுவ முடியாது."

நியாயமான உத்தரவு. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு குளத்தில் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். மழை பெய்து தண்ணீர் நிறைந்திருந்தது. எது நீர்ச்செடி, எது தண்ணீரில் மூழ்கிப்போன கரைச்செடி என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். வெளியே தூக்கினால் நனைந்த நூலாகத் துவள்வது நீர்ச்செடி. விறைப்பாக நிற்பது கரைச்செடி, தொட்டிக்குள் போட்டால் அழுகும். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், மாட்டுக்கா மனுஷனுக்கா என்று கேட்டார்கள். மீனுக்கு என்றேன். அதற்குமேல் அவர்கள் என்னிடம் பேசவில்லை.

துவண்டவை இரண்டு வகை. ஒன்று வேலம்பாசி, அது எனக்கே தெரியும். இன்னொன்றுதான் தெரியவில்லை: அலை அலையாக நெளியும் மெல்லிய நீள இலை, அடியில் சுண்டைக்காய் அளவுக்குக் கிழங்கு. அதில் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, பெயரும் நடும் முறையும் கேட்டு அந்தத் தாவரவியல் பிரிவுக்கு எழுதி அனுப்பினேன். சொந்தக் காரியம் என்பதால் சொந்தத் தபால்தலை.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாதே. ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் பரப்பினேன். வேலம்பாசியை அடி இலை கிள்ளிவிட்டுச் சின்னக் கட்டாக மணலில் செருகினேன். கிழங்கென்றால் புதைக்க வேண்டும் என்பது கொல்லையில் சேப்பங்கிழங்கு நட்டவனுக்குத் தெரியாதா? ஒரே வரிசையில், விரல் ஆழத்துக்கு, ஒழுங்காகப் புதைத்தேன்.

"நாத்து நடற மாதிரி இருக்குது. அறுப்பு எப்போ?" என்றாள் மனைவி.

வேலம்பாசி பிடித்துக்கொண்டது. கிழங்குகளோ ஒன்றன்பின் ஒன்றாக மணலுக்குள்ளேயே அழுகி, தண்ணீர் மறுபடி நாற ஆரம்பித்தது. தபால்காரர் தினமும் தெருவில் போனார்; எங்கள் வீட்டில் மட்டும் அவருக்கு வேலை இல்லை.

மார்கழி நடுவில் ஒருநாள் மனைவி கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க. நீங்க கழிச்சிக் கட்டினது இங்க குடித்தனம் நடத்துது."

வரிசைக்கு மிஞ்சிய கிழங்குகளைத் துவைகல் பக்கத்துச் சிமெண்ட் தொட்டியில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் நடாமல், யாரும் புதைக்காமல், அடியில் சும்மா கிடந்தவை ஆளுக்கொரு கொத்து இலை விட்டிருந்தன. என் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை அழுகின, தப்பியவை தழைத்தன. எடுத்து வந்து, இம்முறை புதைக்காமல் மணல்மேல் உட்காரவைத்து, நகராமல் பக்கத்தில் கூழாங்கல் அண்டைகொடுத்தேன். வேர் தானாக மணலுக்குள் இறங்கியது.

போகிக்கு முந்தைய வாரம் இலைகள் மேலே வந்து அகலமாகி மிதந்தன. பொங்கலன்று காலை தண்ணீருக்கு வெளியே ஒரு பூங்கதிர் நின்றது. வெள்ளையில் லேசாக ரோஜா நிறம். கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மனைவி மாவுக் கையோடு நின்றுவிட்டாள்.

"இது கொட்டிக்கிழங்குங்க! ஏரியில கால விட்டுத் துழாவி எடுத்து, அவிச்சித் தின்னுவோம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நாங்க பாத்தது பூவ, தின்னது கிழங்க. தண்ணிக்குள்ள இருக்கிற இலைய எவ பாத்தா?"

காணும் பொங்கலன்று மைத்துனன் கோணிப்பையும் கயிறுமாக வந்தான். "இன்னா மாமா, காலி பண்ணிட்டீங்களா?"

"உன் முறுக்குக்குத் தகர டப்பாவே போதும்டா" என்றாள் மனைவி. தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அவன் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான். "ஏரியில சும்மா கெடக்கிற கொட்டிக்கிழங்குக்குக் கண்ணாடி பங்களாவா? அவிச்சாதான் மாமா இது நல்லா இருக்கும்." சொல்லிவிட்டு, போகும்போது இரண்டு கிழங்கைக் கேட்டு வாங்கிப் போனான். அடுத்த முறை அவன் கடைக்குப் போனபோது முறுக்கு தகர டப்பாவில் இருந்தது. பிஸ்கட் ஜாடியில் தண்ணீரும் கொட்டிக்கிழங்கும் இருந்தன. பக்கத்தில் அவன் கையாலேயே எழுதிய அட்டை: பொரி போடாதீர்கள்.

தொட்டி எங்கள் கூடத்திலேயே இருந்தது. கழுவும் வேலை அநேகமாக நின்றுபோனது. சாயங்காலம் காப்பி டம்ளரோடு அதன் முன்னால் முதலில் உட்காருவது மனைவிதான்.

அரசின் பதிலும் வந்தது. தாங்கள் அனுப்பிய மாதிரி அழுகிய நிலையில் கிடைத்தமையால் அடையாளம் காண இயலவில்லை, பூவுடன் உலர்த்திய மாதிரியை மீண்டும் அனுப்பவும் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். காலதாமதத்துக்கான காரணம் எங்கும் இல்லை. மனைவி கூடத்தில், பெருத்துப்போன கிழங்கைப் பிரித்து மணல்மேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். பழைய வழக்கப்படி உறையின் மூலையில் வந்த தேதியைக் குறித்தேன்: ஆடிப் பதினெட்டு. நான் எழுதியதற்கு அடுத்து வந்த ஆடி அல்ல, அதற்கும் அடுத்தது.