புதுச் சுவரில் கிரெவிஸ்

கிரெவிஸ் என்ற ஆங்கிலச் சொல்லை நான் சரியாகத்தான் பயன்படுத்தினேன். அன்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாததால், இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில், காலை வணக்கத்தின்போது தினமும் ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கூறி, சொந்த வாக்கியமும் சொல்ல வேண்டும். நோட்ஸில் இருந்து எடுக்கக் கூடாது, கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்பது ஆங்கில டீச்சரின் கண்டிப்பு. ஏழாம் வகுப்பில் என் முறைக்குக் கிடைத்த சொல் கிரெவிஸ், அதாவது குறுகிய பிளவு. அதைத் தேடி நான் அலையவே இல்லை. எங்கள் புது வகுப்பறையில், என் பெஞ்சை ஒட்டிய சுவரிலேயே ஒன்று இருந்தது. பென்சிலை விட்டுப் பார்த்தேன், பாதிவரை போயிற்று.

அந்த வகுப்பறையைக் கட்டிய காண்ட்ராக்டர் என் தாய்மாமா. அன்றைக்கு அதைப் பார்வையிட இஞ்சினியர் வந்திருந்தார். இருவரும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் புதுச் சுவரில் ஒரு கிரெவிஸ் இருக்கிறது, என் பென்சில் அதற்குள் போகிறது என்று மைக்கில் தடங்கலில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் தெரியாத மாமாதான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார்.

“எங்க அக்கா பொண்ணுங்க,” என்று இஞ்சினியரிடம் பெருமையாகச் சொன்னார்.

இஞ்சினியர் கைதட்டவில்லை. எழுந்து வகுப்பறைக்குள் போனார்.

மறுநாள் அதே மைக்கில் தலைமையாசிரியர் என்னைத் திருத்தினார். கிரெவிஸ் பாறைக்கு மட்டும்தானாம், சுவருக்குச் சொன்னால் பிழையாம். தீர்த்தமலைப் பாறையில் கிரெவிஸ் உண்டு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நான் தீர்த்தமலையைப் பார்த்ததே இல்லை. பார்த்ததைச் சொன்னால் பிழை, பார்க்காததைச் சொன்னால் சரியா? கண்டிப்பான ஆங்கில டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டு அகராதியில் பாறை, சுவர் இரண்டும் தெளிவாக அச்சாகியிருந்தன. அன்று மாலை மாமா வந்தார்.

“சொவத்த இடிச்சுக் கட்டச் சொல்லிட்டாங்கக்கா. எல்லாம் உம் பொண்ணு வாயால.”

அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் போகவில்லை. தலைமையாசிரியர் பேச்சை நம்பி, நான் தப்பு ஆங்கிலம் பேசி மானத்தை வாங்கிவிட்டதாக மாமா நினைக்கிறார் என்றே எண்ணினேன். அகராதியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

“சொவத்துக்கும் சொல்லலாம்னு போட்டிருக்குதுங்க மாமா. நான் சொன்னது சரிதானுங்க.”

மாமா அகராதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலம் புரியவில்லை போலும் என்று, பொறுமையாகத் தமிழிலும் விளக்கிச் சொன்னேன்.