சுக்குப் பொடியின் மேல் போட்ட பழி

எனக்கு இமை தொங்க ஆரம்பித்தபோது பழியைச் சுக்குப் பொடியின் மேல்தான் போட்டோம். கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற எங்களில் யாருக்குக் கண் நன்றாக இருக்கிறது? முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி முறத்தை எடுப்பேன். மத்தியானத்துக்கு மேல், பக்கத்தில் வேலை செய்யும் சேச்சி எனக்கு இரண்டாகத் தெரிவாள். தூங்கி வழிகிறாயா என்று அவள் கேட்ட அன்று, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். ஒரு வாரம் பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு அவளே மீன்கறியோடு வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பாதிக் கண் மூடிவிட்டது. சேச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு ஞாயிறு. இங்க சுக்குப் பொடி எவிடேடி?"

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இமையும் தொண்டையும் சோர்ந்துபோவது தசை தளரும் நோயாம். அதற்குக் காரணம் தேடிப் படம் எடுத்ததில், நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் என்கிற சுரப்பியில் கட்டி.

ஆபரேஷனுக்கு முன், ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்து அந்தக் கட்டியில் ஒரு துண்டு கேட்டாள். என்னத்துக்கு என்று முறைத்தேன். பொறுமையாகச் சொன்னாள். உடம்பைக் காக்கும் அணுக்கள், நம்முடையது எது, அந்நியம் எது என்று அந்தச் சுரப்பியில்தான் படிக்கின்றனவாம். சில கட்டிகளில் விழிக்கக் கூடாத மரபணுக்கள் விழித்துக்கொண்டு, தசையிலும் நரம்பிலும் உள்ளதைப் போன்ற பொருள்களைத் தாறுமாறாக உண்டாக்குமாம். அதைப் பார்த்துத் தப்பாகப் படித்த அணுக்கள் சொந்தத் தசையையே பகைக்கும் என்று நினைக்கிறார்களாம். எந்தெந்த மரபணு என்று இன்னும் தேடுகிறார்களாம்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. மாதிரிக்கு வைத்த சுக்கே தப்பென்றால், நாங்களும் நல்ல சரக்கைத்தானே கழித்துத் தள்ளுவோம்? என் வீட்டுக்காரருக்குத்தான் மனசில்லை. உடம்பில் அறுத்ததைக் கண்டவர் கையில் கொடுப்பதாவது என்றார்.

"எங்க கிடங்குல மாதிரிக்கு ஒரு பிடி எடுத்து வைக்காம எந்தச் சரக்கும் வெளிய போகாது. இதுவும் அப்படித்தான்" என்று கையெழுத்துப் போட்டேன்.

தேற மாதக்கணக்காயிற்று. மாத்திரை இன்றும் உண்டு. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாயங்காலம் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஒரே ஒரு சேச்சி. அன்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. என்னாச்சு கண்ணுக்கு என்று பதறினாள்.

"சுக்குப் பொடி, சேச்சி" என்றேன்.