வலது ஓரத்துக் கோடுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. நடுவில் ஆம்ப்ளிஃபையர், அதன் தலையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. மியூசிக் சர்வர் என்பார்கள். நான் சேர்த்த பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறது. செல்போனைத் தொட்டால் கூடத்தில் பாடும். அருப்புக்கோட்டையில் முப்பது வருஷம் பவர்லூம் ஓட்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. எனக்குப் பாட்டுப் பைத்தியம். அவ்வளவுதான்.

என் மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளின் போனில் அவள் அம்மா பேசி அனுப்பிய செய்திகள் நிறைய இருந்தன. எனக்கு ஒன்றுகூட அனுப்பியதில்லை. கூடவே இருக்கிறவனுக்கு எதற்கு அனுப்புவாள்? மகள் வந்தபோதெல்லாம் அவள் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை. மனைவியின் முகம் கண்ணில் அப்படியே நிற்கிறது, குரல் மட்டும் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை அந்தக் குரலைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"போன்ல கேட்டா கொழகொழன்னு இருக்கு தாயி. நம்ம பெட்டியில ஏத்தி ஸ்பீக்கர்ல கேப்போம், வா" என்று மகளிடம் சொன்னேன். பெட்டி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பெட்டியில் ஈக்வலைசர் என்று ஒன்று உண்டு. போன் திரையில் வரிசையாகப் பத்துக் கோடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. இடது ஓரத்துக் கோடுகள் தவில் மாதிரி கனத்த சத்தத்துக்கு. வலது ஓரத்துக் கோடுகள் ஜால்ராவுக்கும் சலங்கைக்கும். புள்ளியை மேலே தள்ளினால் அந்தச் சத்தம் மட்டும் ஏறும். வாங்கிய புதிதில் எல்லாம் நடுவில்தான் இருந்தன. பிறகு ஜால்ரா சத்தம் பத்தவில்லை என்று எட்டாயிரம் என்று போட்டிருந்த கோட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். ஸ்பீக்கர் பழசாகிறது என்று நினைத்தேன். கடைசியில் வலது பக்கத்துப் புள்ளிகளெல்லாம் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு 'வீடு' என்று பெயர் கொடுத்துச் சேமித்தும் வைத்தேன். பெரிய கெட்டிக்காரன்!

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தினமும் பாட்டுப் போடுவேன். மனைவியையும் உட்காரச் சொல்வேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவாள். காதில் பஞ்சு வைத்திருப்பாள். எங்கள் பக்கம் யாராவது காதில் பஞ்சு வைத்தால் ஏனென்று ஒருவரும் கேட்பதில்லை. காதுக்குள் காத்து ஏறுகிறது என்றால் தீர்ந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள்கூட வைத்துக்கொள்வார்கள்.

"ஊருப் பஞ்சு பூராம் ஒன் காதுலதான் இருக்கு" என்று கேலி பேசுவேன்.

"காத்து ஏறுதுங்க. நீங்க பாட்டப் போடுங்க" என்பாள்.

சித்திரை வெயிலில் என்ன காத்து? அதைக்கூட யோசிக்கவில்லை நான்.

தறிக்கூடத்துக்குள் பேச்செல்லாம் வாயசைவில்தான். தறி ஓடும் சத்தத்தில் எவன் குரலும் எடுபடாது. அதனால் எதிராளியின் வாயைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். அவள் முகம் எதிரே இருக்கும்வரை குறையே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து பேசினால்தான் தகராறு. "ஏன்டி வாய்க்குள்ளயே முணங்குற? தொறந்து பேசுனா முத்தா உதுந்துரும்?" என்று கத்துவேன். ஒருநாள் சோறு போடும்போது, "காது டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிட்டு வருவமா?" என்று கேட்டாள். எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நீ முணங்குறதுக்கு நான் டாக்டர்ட்டப் போகணுமாக்கும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். சிந்திய சோற்றை அவள்தான் அள்ளினாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மகள் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். செய்திகளை அவள் போனிலிருந்து பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பெருமைக்கு நான் ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். பிள்ளை துள்ளி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா! நிப்பாட்டுங்கப்பா! காது கிழியுது!"

நிறுத்தினேன். என் போனை வாங்கி ஈக்வலைசரைத் திறந்து பார்த்தாள். பிறகு சேமித்து வைத்திருந்த பெயர்களைக் காட்டினாள். 'வீடு' என்பதற்குக் கீழே 'அம்மா' என்று இன்னொன்று இருந்தது. அதற்குமுன் என் கண்ணில் அது பட்டதே இல்லை.

"இது யாரு வச்சது?"

"நாந்தான்ப்பா. நீங்க டீ குடிக்கப் போனா அம்மா தன் போன்ல அதப் போட்டுக் கேக்கும். நீங்க வார சத்தம் கேட்டா மறுபடி 'வீடு'க்கு மாத்தி வச்சிரும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அப்போதுதான் எனக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. அத்தனை மத்தியானங்கள். அத்தனை பாட்டுகள். ஐயோ என்றிருந்தது.

மகள் 'அம்மா'வைத் தொட்டாள். எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டுக்கு வந்தன. பிறகு அவள் அம்மா பேசிய செய்தி ஒன்றைப் போட்டாள். கம்பளிக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல்தான் என் காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு வீம்பு போகவில்லை.

"பாத்தியா? வாய்க்குள்ளயே பேசுறா."

மகள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, அம்மா கத்திப் பேசுது. ஒங்ககிட்டக் கத்திக் கத்தி, எல்லார்ட்டயும் அப்படித்தான் பேசும். என் வீட்டுக்கு வந்தா, ஏன் இம்புட்டுச் சத்தமாப் பேசுறாகன்னு எங்க தெருவுல கேப்பாக."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் சாமி அலமாரியைத் திறந்தாள். விளக்குத் திரிக்குப் பக்கத்தில் பாதி தீர்ந்துபோன பஞ்சுப் பொட்டலம் இருந்தது. பிய்த்து, உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். 'வீடு' என்பதைத் தொட்டாள். அதே செய்தியை மறுபடி போட்டுவிட்டு என் பக்கத்தில், அவள் அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், சாப்ட்டியா? இங்க வெயிலு கொளுத்துது. ஒங்கப்பா டீ குடிக்கப் போயிருக்காக. நான் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். என்னா சொகமா இருக்கு தெரியுமா... ஆத்தாடி, வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டாக. கோட்ட ஏத்தி வைக்கணும். பாவம்டி, இல்லாட்டி அவுகளுக்குக் கேக்காது. அப்பறம் பேசுறேன்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. முணங்கல் இல்லை. கணீரென்ற குரல், கொஞ்சம் சிரிப்புக்கூட அதில் இருந்தது. பத்து வருஷமாக இப்படித்தான் என்னிடம் பேசியிருக்கிறாள்.

குரல் நின்றது. மகள் கண்ணெல்லாம் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காப் போடவாப்பா?" என்றாள். அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் ஆயிரம் தடவை கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"போதும் தாயி" என்றேன். "பஞ்ச எடு."