சம்மட்டியின் கால்

பழைய கட்டடங்களை இடிப்பதுதான் அவருக்குத் தொழில். மற்றவர்கள் பத்து அடியில் சாய்க்கும் சுவரை மூன்றே அடியில் சாய்ப்பார் என்று கூட்டாளிகள் வைத்த பெயர், சம்மட்டி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை ஓயாது. கதவு அதிரும், பாத்திரம் பறக்கும், சில நாள் மனைவியின் கன்னம் வீங்கும். அவர் சட்டையைப் பிடிக்காத ஆள் அந்தத் தெருவில் குறைவு.

உடம்பில் சர்க்கரை ஏறிப் பதினாலு வருஷம். மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். கொஞ்ச காலம் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தன. பிறகு எரிச்சல் தானாக நின்றது. "பாத்தியா, மருந்தே இல்லாம சரியாப்போச்சு" என்று மார்தட்டிக்கொண்டார். செத்துப்போன நரம்புக்கு எரியத் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதக்கத் தொடங்கியதும்தான் கண் டாக்டரிடம் போனார்.

"உள்ளே ரத்தக்குழாய் கசியுது. ரெண்டு கண்ணுக்கும் லேசர் வைக்கணும். தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் தேதி கொடுத்தார்.

அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நோய் பரவி ஊரே அடைத்துக்கொண்டது. கண் மருத்துவமனையின் இரும்புக் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. மறு தேதி சொல்லும்வரை மூடியிருக்கும் என்று மனைவிதான் வாசித்துச் சொன்னாள். அவர் அந்தக் கதவை உதைத்த உதையில், ரோந்து போன போலீஸ்காரர் வந்து முதுகில் லத்தியால் இரண்டு வைத்து அனுப்பினார்.

அதன்பின் ஒரே அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும். நூல்கள் திரண்டு புகையாயின. ஏழாம் வாரம் ஒரு காலையில் கண் விழித்தபோது வலது பக்கம் இருட்டு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தைச் சொல்ல அவருக்கு வாய் பழகவில்லை, வைய மட்டும்தான் பழகியிருந்தது.

அன்று பொதுக் குழாயடியில் மனைவியின் தம்பி நின்றான். பக்கத்து வீட்டுக்காரன், சரக்கு வண்டி ஓட்டுபவன்.

"மாமா, மாஸ்க் போட்டுட்டு வாங்க. சின்னப் புள்ளைங்க இருக்கு."

"எனக்கே புத்தி சொல்றியாடா?"

குத்தினார். பார்வை தப்பியதால் குத்து தாடைக்குப் பதில் சுவரில் விழுந்து, விரல் மூட்டு நொறுங்கியது. மச்சான் பிடித்துத் தள்ளினான். விழுந்து எழுந்தவர் வெறிகொண்டு அவன் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடியை வெறுங்காலால் மிதித்தார், மறுபடி மிதித்தார், தூளாகும்வரை மிதித்தார். குழந்தைகள் அலறின. தரை சிவந்து வழுக்கியது.

அவர் கொஞ்சம் தணிந்து, "ரத்தமா? எங்கடா பட்டுச்சு உனக்கு?" என்றார்.

"ஐயோ, உங்களோடது மாமா! காலைப் பாருங்க!"

குனிந்தார். கண்ணாடிச் சில்லு ஒன்று பாதத்தில் இறங்கி மேலே முனை காட்டிக்கொண்டிருந்தது. ஒரு எறும்புக்கடிகூட அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் தொண்டையிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. அது வலியால் வந்ததல்ல.

மச்சானே வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். மருத்துவமனை வாசலில் காவலாளி தடுத்தார். "காய்ச்சல் சோதனை பண்ணாம உள்ள விட முடியாது." சம்மட்டி அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். காவலாளியின் கண் பிதுங்கியது.

மனைவி பின்னாலிருந்து புருஷன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி இழுத்து, அத்தனை பேர் முன்னால் அறைந்தாள். இருபத்தேழு வருஷத்து அறை அது.

"விடுய்யா அவரை! செத்தா நீ மட்டும் சாவு!"

பிடி தளர்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிளாஸ்டிக் உடுப்புக்குள் முகம் தெரியாத டாக்டர்கள் சில்லை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் புண் கறுத்து நாறியது. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். மரத்துப்போன காலில் எலும்பு அறுபடுவதை அவர் காதால் மட்டும் கேட்டார். சொந்தக் கட்டடம் இடிபடுவது போலிருந்தது.

கண் மருத்துவமனை திறந்தபோது வலது கண்ணுக்கு நேரம் கடந்திருந்தது. இடது கண்ணை லேசர் பிடித்து நிறுத்தியது. இப்போது பழைய நிலைச்சட்டங்களில் ஆணி பிடுங்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம்.

கோபம் அடியோடு போய்விடவில்லை. "இனிமே கை ஓங்கினா தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். ஒருமுறை ஓங்கினார். அவளும் போய்விட்டாள். புண் ஏதும் வந்திருக்கிறதா என்று தினமும் அவர் பாதத்தைப் பார்ப்பவள் அவள்தான்; இப்போது அவரே அடியில் தடவிப் பார்த்தார். கைவிரலும் மரத்திருந்தது, கண்ணும் எட்டவில்லை. பதினோரு நாள் தாக்குப்பிடித்தவர், பன்னிரண்டாம் நாள் மச்சான் வாசலில் போய் நின்றார்.

"தப்புதான். பயமா இருக்கு. வா."

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த துணிகளை எல்லாம் மடித்து முடித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "காலை நீட்டுங்க" என்றாள்.