பத்து வயதுக் குரல், ஐம்பது வயது மூச்சு

டப்பிங் என்பது யாரோ வாயசைக்க நம் தொண்டை கிழியும் தொழில். அதையும் குக்கர் விசிலுக்கு நடுவே செய்கிற சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் அழுகை

ஏழு வயதில் சென்னையில் சினிமாவில் நடித்தேன். ஒரு காட்சியில் கிளிசரின் இல்லாமலே தேம்பி அழுதேன். செட்டே கை தட்டியது. டப்பிங் தியேட்டரில் போய்ப் பார்த்தால், என் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் மைக் முன்னால் நின்று எனக்காக விசும்பிக்கொண்டிருக்கிறார். "அது என் அழுகை!" என்று அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் சொன்னார்: "நீ அழுதது கண்ணுக்கு, பாப்பா. காதுக்கு நான்தான் அழணும்."

பீரோவுக்குள்

கான்வென்ட் முடித்ததும் நானும் அதே வேலைக்குப் போனேன். பிள்ளைக் குரல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்தபின் இருபத்தைந்து வருடம் மைக்கே இல்லை. பிள்ளைகள் இருவரும் மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனதும் சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்கு நானே எழுதினேன். கார்ட்டூன் தொடர், பத்து வயது ஹீரோ. "தீவிலிருந்தா?" என்று இழுத்தார்கள். ஒரு காட்சி அனுப்புகிறேன், கேட்டுவிட்டு இழுங்கள் என்றேன். அந்தப் பையன் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்தால் நம் பேச்சு நமக்கே கேட்காது. அதனால் மர பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, "காப்பாத்துங்க!" என்று அலறினேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் துடைப்பத்தோடு ஓடிவந்து பீரோவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அரே தீதி, நீங்கதானா? டீக் ஹை, சரி, கத்துங்க."

குறை

காட்சியை அனுப்பிய மூன்றாம் நாள் ஸ்டுடியோ சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தார். ஹீரோ ஓடிவந்து பேசும் இடம் சரியில்லையாம். மறுநாள் காலைக்குள் இன்னொரு டேக். இல்லையென்றால் சென்னையிலேயே ஆள் தயார். என்ன குறை என்று அதட்டினேன். "குரல் பத்து வயசு மேடம். மூச்சு மட்டும் ஐம்பது."

ஜங்லிகாட்டில் பாடம்

கோபத்தை ஒத்திப்போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஜங்லிகாட் போய் நின்றேன். பிள்ளைகள் ஏற்றத்தில் ஓடிக்கொண்டே கத்தினார்கள். அப்போதுதான் பிடிபட்டது. பெரியவர்கள் நாம் பேசுவதற்கு முன்பே மூச்சை மாதச் சாமான் மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறோம். அவர்கள் மூச்சு தீரும்வரை பேசி, வார்த்தைக்கு நடுவில் ஒரு வாய் இழுத்து, மேலே ஓடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பீரோவுக்குள் அப்படியே பேசினேன். பதினெட்டு டேக். தலை சுற்றியது, விடவில்லை.

மறுநாள் மத்தியானம் அதே இன்ஜினியர்: "பையன் நீங்கதான் மேடம். இப்ப அவன் அம்மாவுக்கு வாய்ஸ் தேடறோம். அங்க கொஞ்சம் வயசானவங்க யாராவது இருக்காங்களா?"

அந்த அம்மாவையும் நானே பிடுங்கிக்கொண்டேன். இப்போது வாரம் ஒருமுறை என்னை நானே அதட்டி நானே பயந்து அழுகிறேன், இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற முதல் பிள்ளை அவன்தான்.