புக்கெகோஹியிலிருந்து மாசிக்கு: ரயில், பஸ், ஒரு நோ

எங்கள் வீட்டில் கார் ஓட்டியது என் கணவர்தான். ஆவணி மாதம் அவர் போன பிறகு கார் வாசலில் அப்படியே நிற்கிறது. புக்கெகோஹியில் கார் ஓட்டத் தெரியாதவள் கால் இல்லாதவள் மாதிரி. என்னைப்போல இங்கே இன்னும் சில பெண்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தபடியால்தான், பஸ்ஸிலும் ரயிலிலும் எங்கே எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது கார்த்திகை மாதம் டொக்டரிடம் போன பயணம்.

எங்கள் பழைய டொக்டர் ஓய்வெடுத்துவிட்டார். ஊரிலுள்ள மற்ற கிளினிக்குகளில் கேட்டால், இப்போதைக்குப் புது ஆட்களைப் பதிவதில்லை என்கிறார்கள். பதியாமல் போனால் காசும் கூடக் கேட்பார்கள், உங்களை அறிந்த டொக்டர் என்று ஒருவரும் இல்லை. கோயிலில் ஒரு அக்கா, நகரத்துக்கு மேற்கே மாசி என்ற இடத்தில் ஒரு கிளினிக்கில் ஆட்கள் எடுக்கிறார்கள் என்று சொன்னா. போன் பண்ணினேன். தூரம் உங்களுக்குப் பரவாயில்லையென்றால் எங்களுக்கும் பரவாயில்லை என்றார்கள். ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். பரவாயில்லை என்றேன்.

ஏனென்றால் எனக்குப் பயம் பிடித்திருந்தது. வெங்காயம் பொதி பண்ணும் இடத்தில் வேலை. பெட்டியைத் தூக்கினால் நெஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி வரும், நின்றால் போய்விடும். அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்தார். அந்தக் கிழமையே போய்விட்டார். மகள் வெலிங்டனில் கடைசி வருடம் படிக்கிறாள். நானும் போனால் அவளுக்கு ஒருவரும் இல்லை. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

காலை எட்டு மணி கழித்து ரயில் ஏறினேன். நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஸ்டேஷனில் படியை விட்டு லிப்டில் போங்கள், நான் படியில் ஏறி வாங்கிக் கட்டினேன். ஜன்னலோரம் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நோர்வேயிலிருந்து தங்கச்சி வதனி போன் எடுத்தாள்.

“அக்கா, இஞ்ச எண்டால் ஆளுக்கு ஆள் பேர் போட்டு ஒரு டொக்டர். என்ர டொக்டருக்கு என்ர வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். நீ என்னண்டால் ஊர் ஊராய்த் திரியிறாய்.”

“உன்ர டொக்டரைப் பார்சல் போட்டு அனுப்பு.”

“பகிடியை விடு. குரல் ஏன் இழுக்குது?”

“ரயில் ஆடுது,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நகரத்தில் பிரிட்டோமார்ட் ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கும் தெருவுக்கு ஐந்து நிமிட நடை என்பார்கள். எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஏதோ பார்க்கிற மாதிரி நின்றேன். பஸ் பெரிய வீதியால் நேரே வெஸ்ட்கேட் போகும், முக்கால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாசிக்குள் போகும் சின்ன பஸ்ஸுக்கு மாறினேன். ஓட்டுநர் பிஜி இந்தியர்.

“எங்கே இறங்கணும், ஆன்ட்டி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். போனில் கிளினிக் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். “வேர்க்குதே, ஆன்ட்டி. முன்னுக்கே உட்காருங்க.” கிளினிக்குக்கு நேரே, ஸ்டொப் இல்லாத இடத்தில், கதவைத் திறந்துவிட்டார். எல்லாரும் இப்படிச் செய்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

உள்ளே ஒரு நேர்ஸ் பிள்ளை, சிரித்த முகம். மொழிபெயர்ப்பாளர் டொக்டரின் அறையில் போனில் வருவார் என்று கையால் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “பெயின்?” என்று கேட்டாள். பெயின் எனக்குத் தெரிந்த சொல். உடனே சொன்னேன்: “ஓம், நோ. சரியான நோ.”

“குட், குட்,” என்று தலையாட்டி எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவு நோவு இருந்தால் என்ன குட் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் எதற்கும் குட் சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் வந்த ஒரு தாயும் குழந்தையும் உள்ளே போனார்கள். கால் கட்டுப் போட்ட ஒருவர் போனார். கல் நெஞ்சிலிருந்து இடது தோளுக்கு ஏறியது, பிறகு தாடைக்கு. எழும்பிச் சொல்லுவோமா என்று நினைத்தேன். சொல்லியாயிற்றே, எழுதியும் போனாளே, திரும்பப் போய் நின்றால் சண்டைக்காரி என்று நினைப்பார்கள் என்று அப்படியே இருந்தேன். மகள் ஒரு மெசேஜ் போட்டிருந்தாள், மத்தியானம் என்ன சாப்பாடு என்று. சோறும் பருப்பும் என்று பொய் எழுதினேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். டொக்டர் வயதான மனிசி. மேசையில் போன். அதில் ஒரு பெண் குரல், தமிழ்நாட்டுக்காரி.

“வணக்கம்மா. உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க.”

“பிள்ளை, எனக்கு நெஞ்சு வருத்தம். அவர் செத்த பிறகு கூடிப்போச்சு.”

அவள் ஆங்கிலத்தில் சொன்னதில் கவலைக்குச் சொல்கிற ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது. சேட். டொக்டர் முகம் இளகி, என் கையைப் பிடித்தா. மெதுவாக ஏதோ சொன்னா.

“கணவர் போன துக்கம் ஆறுறதுக்கு நாளாகும், கவுன்சிலிங் பண்றவர் ஒருத்தர்கிட்ட பேச ஏற்பாடு பண்றேங்கிறாங்க, அம்மா.”

“நோ சேட்!” என்று நானே கத்திவிட்டேன். “பிள்ளை, நான் கவலை எண்டு சொல்லேல்லை. வருத்தம் எண்டு சொன்னனான். வருத்தம் எண்டால் நோய்!”

“எங்க ஊர்ல வருத்தம்னா துக்கம்மா... சரி, அப்போ வலி? வலி இல்லன்னு நீங்க சொன்னதா நர்ஸ் எழுதியிருக்காங்களாமே?”

“ஆர் சொன்னது? நோ எண்டுதானே சொன்னனான்.”

“அதான்மா. நோன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஓம், நோ! நோகுது, பிள்ளை. நெஞ்சு நோகுது. இப்ப கையும் நோகுது.”

“ஐயோ கடவுளே, நோகுதா,” என்று போனில் பதறினாள். அதன் பிறகு அவள் கதைத்த ஆங்கிலம் மழை கொட்டின மாதிரி. டொக்டர் என் கையை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து கூப்பிட்டா. என்னைப் படுக்க வைத்து, அதே நேர்ஸ் பிள்ளை நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். பொறுக்க வேணும் என்று கண்ணால் கேட்டாள். அவளில் என்ன பிழை? அவள் அவளுடைய ஆங்கில நோவைக் கேட்டாள்.

ஒரு குளிசையைச் சப்பச் சொன்னார்கள். அம்புலன்ஸ் வருகிறது என்று போன் பெண் சொன்னாள். தன் நேரம் முடிந்தும் அவள் போனை வைக்கவில்லை.

“அம்மா, நான் லைன்ல இருக்கேன். மூச்சு மெதுவா விடுங்க. வீட்ல யாருக்காவது சொல்லணுமா?”

“மகளுக்கு. பயப்படுத்தாமல் சொல்லு.”

“சொல்றேன்மா.” நம்பரை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “அம்மா, எங்க ஊர் வருத்தமும் இருக்குல்ல?”

அதுவரை நான் அழவில்லை. அவர் செத்த எட்டாம் நாள் சடங்கில், எட்டுச் செலவிலும் அழவில்லை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது. “ஓம், பிள்ளை,” என்றேன். “அதுவும் கனக்க இருக்கு.” வயர்களெல்லாம் ஆட ஆட அழுதேன். நேர்ஸ் பிள்ளை ஒட்டினதைத் திரும்ப ஒட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாயில் அடைப்பென்று சின்னக் கம்பிக் குழாய் வைத்தார்கள். மகள் அன்று பின்னேரமே விமானத்தில் வந்துவிட்டாள். ஆங்கிலத்தில் ஏசினாள். சோறும் பருப்புமா என்று மட்டும் தமிழில் கேட்டாள். இப்போது மாசி டொக்டர்தான் என் டொக்டர். என் கணவர் இறந்தது எப்போது, நான் தூக்கும் பெட்டி எவ்வளவு பாரம், எல்லாம் அவவுக்குத் தெரியும். வதனி சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. அவருக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் இஞ்சித் தண்ணீரோடு நின்றிருக்க மாட்டார் என்று இரவில் நினைப்பு வரும். வந்துகொண்டுதான் இருக்கும்.

போகிறவர்களுக்கு: பஸ் கார்டில் இருபது டொலர் இருந்தால் போய்வரலாம். அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு ஒன்பது மணிக்குப் பிறகு இலவசம். கிளினிக்குக்குப் போன் பண்ணும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், யாழ்ப்பாணத் தமிழ் விளங்குகிறவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் பதிகிறார்களா என்று மாதத்துக்கு ஒருமுறை விசாரியுங்கள். ஆனால் எனக்கு வந்த மாதிரி நெஞ்சு அழுத்தி, கை தாடையெல்லாம் நோகிறதென்றால் ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். வீட்டிலிருந்தே அம்புலன்ஸுக்கு 111 அடியுங்கள். நான் செய்தது பைத்தியக்கார வேலை.

நோ என்றால் “பெயின், யெஸ்” என்று சொல்லுங்கள். விளங்கினதா என்று திரும்பக் கேளுங்கள். வருத்தம் என்றால் எந்த வருத்தம் என்று சொல்லுங்கள். இரண்டும் இருந்தால், வெட்கப்படாமல் இரண்டையும் சொல்லுங்கள்.