வெள்ளரிக்காய்க் குதிரை

கொரோனாவால் விமானங்கள் நின்றுபோன வருடம், கருங்கலில் எங்கள் மாடிவீட்டில் ஒரு ஜப்பான் டீச்சர் வாடகைக்கு இருந்தார். அவர் நாட்டுக்கு வேலைக்குப் போகவிருந்த நர்சுகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார். ஒல்லியான உடம்பு, காதுவரை வெட்டிய முடி. துவைத்த துணிகளை மடித்துப் பயணப்பெட்டியிலேயே திரும்ப வைப்பார். அலமாரி காலியாகவே கிடந்தது.

அந்த ஜூனில் ஜப்பானில் அவருடைய அப்பா இறந்துபோனார். போக வழியில்லை.

ஆகஸ்டில் அவர்கள் நாட்டில் ஒரு பண்டிகை. இறந்தவர்கள் அன்று வீட்டுக்கு வருவார்களாம். சாயங்காலம், அவர்களுக்கு வழி தெரிய, எங்கள் வாசலில் ஒரு சட்டியில் சுள்ளிகளைக் கொளுத்தினார். பக்கத்தில், ஈர்க்கில் குத்திய நான்கு கால்களோடு ஒரு வெள்ளரிக்காய் நின்றது.

“இது எதுக்காக்கும் டீச்சர்?”

“அப்பா சீக்கிரம் வர குதிரை, அக்கா. மெதுவா திரும்பிப் போக, கத்திரிக்காயில மாடு செய்யணும்.”

“எங்க வீட்டுல கத்திரிக்கா கெடக்கு. எடுத்திட்டு வரட்டா?”

“வேண்டாம் அக்கா. பிளேன் விடட்டும். அப்பாவும் நானும் சேர்ந்து போவோம்.”

இறந்தவர்களை அழைக்கும் வழக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில் கிடையாது. இருந்தும், காற்று வீசியபோது அந்தத் தீ அணைந்துவிடாமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.